இரண்டு சென்டிமீட்டர் தள்ளி

அவருக்கு இடது கை விழுந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. முப்பது வருடம் லாரி ஸ்டியரிங் பிடித்த கை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து மடியில் கிடந்தது. தூக்கி எங்கே வைக்கிறோமோ அங்கேயே இருக்கும். எங்களிடம் வந்த சமயத்தில் முழங்கையை லேசாக மடக்க வந்தது, அவ்வளவுதான். ஒரு மறுவாழ்வு மையத்தில் நான் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த முதல் வருடம் அது. மையத்துக்கு அப்போதுதான் ஈஎம்ஜி கருவி வந்திருந்தது. ஊசி குத்தாமல், தோல்மேல் இரண்டு எலெக்ட்ரோடுகளை ஒட்டி, தசையில் எழும் மின்சாரத்தைத் திரையில் காட்டும் வகை.

திங்கட்கிழமை நான் ஒட்டினேன், மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸில். "மடக்குங்க ஐயா" என்றதும் திரையில் கோடு தடித்தது. சராசரி 30 மைக்ரோவோல்ட். வியாழக்கிழமை நான் இன்னொருவருக்கு நடைப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்ததால் எங்கள் சீனியர் அக்கா ஒட்டினார். 70 மைக்ரோவோல்ட்.

அவருடைய மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தார். "ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சா தம்பி?" என்று என்னைத் தேடி வந்து கேட்டார். ஆமாம்மா என்றேன். வராந்தாவுக்குப் போய் மகளுக்குப் போன் செய்தார். "அப்பா கையில கரண்டு ஏறியிருக்குடி." அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நானும் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் குறிப்பு எழுதும்போதுதான் போனில் இருந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை நான் தசையின் மேட்டில், நட்ட நடுவில் ஒட்டியிருந்தேன். அக்கா முழங்கைப் பக்கமாக சுமார் இரண்டு சென்டிமீட்டர் கீழே ஒட்டியிருந்தார். மறுநாள் காலை, அந்த ஐயா கையில் இரண்டு இடத்திலும் இரண்டு ஜோடி ஒட்டினேன். ஒரே கை, ஒரே மடக்கல், ஒரே நொடி. மேலே 32, கீழே 71.

கை மாறவே இல்லை. எலெக்ட்ரோடு ஒட்டிய இடம்தான் மாறியிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. கல்லூரியில் படித்திருந்தேன்தான். ஆனால் ஒரு அம்மாவுக்குப் பொய்யான நல்ல செய்தி சொன்ன பிறகு படிப்பது வேறு மாதிரி இருக்கிறது.

முதுகுத்தண்டில் உள்ள ஒரு நரம்பணு தசையில் ஒரு கூட்டம் இழைகளை ஆள்கிறது. கட்டளை வரும்போது அந்த இழைகள் எல்லாம் ஒன்றாகத் துடிக்கின்றன. நரம்பு வந்து இழையைத் தொடும் இடத்தில் ஒரு மின் அலை பிறந்து, இழையின் இரண்டு முனைகளையும் நோக்கி, இரு பக்கமும் ஓடுகிறது. வேகம் நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர். இப்படிப் பல கூட்டங்களின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து தோலுக்கு வருவதைத்தான் நாம் பிடிக்கிறோம். நல்ல வலுவான தசையில்கூட அது சில மில்லிவோல்ட்தான். அவர் கை மாதிரி சோர்ந்த தசையில் சில பத்து மைக்ரோவோல்ட். சுவரில் இருக்கும் பிளக்கில் 230 வோல்ட். 50 மைக்ரோவோல்ட் என்றால் அதில் 46 லட்சத்தில் ஒரு பங்கு.

இப்போது குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கல்லைப் போடுகிறோம். கல் விழுந்த இடத்திலிருந்து ஒரே தூரத்தில், இந்தப் பக்கம் ஒரு இலை, அந்தப் பக்கம் ஒரு இலை மிதக்கிறது. அலை இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கும், ஒரே நேரத்தில் இறக்கும். எங்கள் கருவி அளப்பது ஒரு இலையின் உயரத்தை அல்ல. இரண்டு இலைகளுக்கும் இடையிலான உயர வித்தியாசத்தை. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் வித்தியாசம் பூஜ்யம். குளத்தில் அலையே இல்லை என்று கருவி சொல்லும். இரண்டு இலைகளும் கல் விழுந்த இடத்துக்கு ஒரே பக்கத்தில், ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால்தான் அலை தெரியும்.

நரம்பு தசையைத் தொடும் அந்தப் பட்டையைத்தான் நான் திங்கட்கிழமை இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். பைசெப்ஸில் அது பெரும்பாலும் தசையின் நடுப்பகுதியில், குறுக்காக ஓடுகிறது. அதாவது பார்வைக்கு எது மிகப் பொருத்தமான இடமாகத் தெரிகிறதோ, மேடு எங்கே நன்றாக எழும்புகிறதோ, அங்கேயே. முழுவதுமாக ரத்தாகாமல் 30 வந்ததற்குக் காரணம், உண்மையான தசையில் எல்லா இழைகளின் தொடுபுள்ளியும் ஒரே கோட்டில் இருப்பதில்லை என்பதுதான்.

நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் நரம்பின் வேகத்தைச் சோதிப்பவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். கட்டைவிரல் மேட்டில் ஒரு எலெக்ட்ரோடை அந்தத் தொடுபுள்ளியின்மேலேயே வைப்பார்கள். இன்னொன்றைத் தசைநாரின்மேல், தூரத்தில். அவர்களுக்கு அலை பிறக்கும் கணம் வேண்டும். இடம் தவறினால் அலை மேலே எழும்புவதற்கு முன் எதிர்ப்பக்கம் ஒரு சின்னச் சரிவு காட்டும். அனுபவமுள்ள டெக்னீஷியன் அதைப் பார்த்ததும் எலெக்ட்ரோடை நகர்த்துவார். அவர்கள் தேடிப்போய் ஒட்டும் அதே இடத்தை நாங்கள் விலகிப் போகவேண்டும். இந்த இரண்டு விதிகளையும் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ குழப்பம் தீரும் என்று எனக்குத் தோன்றும்.

தசை இன்னொன்றும் செய்கிறது. முழங்கையை மடக்கும்போது தசை தோலுக்கு அடியில் சுருங்கி நகர்கிறது. எலெக்ட்ரோடு தோலோடு ஒட்டியிருக்கிறது, தசையோடு அல்ல. கை நீட்டியிருக்கும்போது சரியாக இருந்த இடம், மடக்கியபிறகு அந்தப் பட்டையின்மேல் வந்து நிற்கலாம். அதனால் அசைவின்போது எடுத்த பதிவில் எண் ஏறி இறங்கினால், அது தசையின் உழைப்பா, தசையின் நகர்வா என்று உடனே சொல்லிவிட முடியாது. முழங்கையை ஒரே கோணத்தில் நிறுத்தி, அசையாமல் அழுத்தச் சொல்லி எடுப்பதை நான் அதனால்தான் விரும்புகிறேன்.

எவ்வளவு இடைவெளி விட்டு ஒட்டுவது என்பது அடுத்தது. ஐரோப்பாவில் 1990களின் பிற்பாதியில் 'செனியம்' என்ற கூட்டுத்திட்டம் நடந்தது. நெதர்லாந்தின் ஹெர்மி ஹெர்மன்ஸ் அதை ஒருங்கிணைத்தார். ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்ததால் ஒருவர் முடிவை இன்னொருவர் முடிவோடு ஒப்பிடவே முடியாத நிலை. அவர்கள் தசை வாரியாக இடம் குறித்துக் கொடுத்தார்கள். பைசெப்ஸுக்கு, தோள்பட்டை எலும்பு மேட்டிலிருந்து முழங்கைக் குழிக்குக் கோடு போட்டு, குழியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். அக்கா ஒட்டியது ஏறக்குறைய அந்த இடம். மையத்துக்கு மையம் 20 மில்லிமீட்டர் இடைவெளி. இழைகளின் திசையில் எலெக்ட்ரோடு 10 மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது.

ஏன் 20? அலை நொடிக்கு 4 மீட்டர் ஓடுகிறது. 20 மில்லிமீட்டரைக் கடக்க 5 மில்லிநொடி. 5 மில்லிநொடியில் சரியாக ஒரு சுற்று முடிக்கும் அதிர்வு, அதாவது நொடிக்கு 200 சுற்று, 200 ஹெர்ட்ஸ், இரண்டு எலெக்ட்ரோடுகளிலும் ஒரே நிலையில் இருக்கும். கழித்தால் காணாமல் போய்விடும். இடைவெளியை 40 மில்லிமீட்டர் ஆக்கினால் 100 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். தோல்மேல் கிடைக்கும் தசை மின்சாரத்தின் சத்து பெரும்பாலும் 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரைதான். ஆக 40 மில்லிமீட்டர் இடைவெளி சத்தின் நடுவிலேயே ஓட்டை போடுகிறது. உண்மையான தசையில் இது இவ்வளவு கச்சிதமாக நடக்காது, ஆனால் போக்கு இதுதான். போதாக்குறைக்கு இடைவெளி கூடக்கூடப் பக்கத்துத் தசையின் சத்தமும் கூடும்.

நம் ஊரில் இது வெறும் கணக்கு அல்ல. பல இடங்களில் ஈஎம்ஜிக்கும் ஈசிஜிக்கு வரும் வட்ட ஸ்டிக்கர்களையே பயன்படுத்துகிறோம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அந்தப் பஞ்சு வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 4, 5 சென்டிமீட்டர். இரண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டினாலே இடைவெளி 40 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அதனால் கத்தரிக்கோலால் ஒரு பக்க ஓரத்தை வெட்டி நெருக்கி ஒட்டுகிறோம். வெட்டும்போது நடுவில் உள்ள ஜெல்லைத் தொட்டுவிடக்கூடாது. வெட்டிய ஓரம் சரியாகப் பிடிக்காமல் பயிற்சியின் நடுவில் கிளம்பும். மேலே டேப் போடவேண்டும். இந்த வேலையை யாரும் புத்தகத்தில் எழுதுவதில்லை. ஆனால் பதிவின் தரம் பாதி இதில்தான் இருக்கிறது.

சரி, தோலுக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த கதை 1849இல் பெர்லினில் நடந்தது. எமில் டு புவா ரேமோன் என்ற உடலியல் அறிஞர், மனிதத் தசை சுருங்கும்போது மின்சாரம் எழுகிறதா என்று பார்க்க முயன்றார். உப்புநீரில் இரண்டு கைகளையும் வைத்து, அதை மின்னோட்டத்தை ஊசியால் காட்டும் கால்வனோமீட்டரோடு இணைத்து, ஒரு கையை முறுக்கினார். ஊசி லேசாக அசைந்தது. குறுக்கே நிற்பது தோல்தான் என்று அவருக்குப் புரிந்தது. தன் இரு கைகளிலும் கொப்புளம் எழுப்பி, அந்தத் தோலை நீக்கிவிட்டு, வெளித்தெரிந்த சதையின்மேல் இணைப்பைக் கொடுத்து மறுபடி முறுக்கினார். ஊசி இம்முறை பலமடங்கு அதிகமாக ஓடியது.

அவர் நீக்கியதில் உண்மையில் தடையாக இருந்தது மேலே உள்ள செத்த அடுக்கு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் காய்ந்த, துடைக்காத தோலில் அந்த மெல்லிய அடுக்கு பல பத்து, சில சமயம் பல நூறு கிலோஓம் தடையைக் கொடுக்கும். இன்று நாம் கொப்புளம் எழுப்புவதில்லை. முடியை மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்து, தோல் இளஞ்சிவப்பாகும்வரை லேசாகத் தேய்க்கிறோம். தடை 10 கிலோஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. வயதானவர்களுக்குத் தோல் மெலிதாக இருக்கும், சர்க்கரை நோயாளிகளுக்குப் புண் ஆற நாளாகும். அங்கே பதிவைவிடத் தோல்தான் முக்கியம், அழுத்தித் தேய்க்கக்கூடாது.

எங்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு, எண்ணெய். பக்கவாதம் வந்த கைக்குத் தைலம் தேய்த்து நீவாத வீடு நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மாவும் தினமும் காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்த்து, அப்புறம்தான் கூட்டிவருவார். அந்த நீவுதலில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்று தெரிந்ததால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பதிவு எடுக்கிற நாள்ல மட்டும் சாயங்காலம் தேய்ங்கம்மா" என்றேன். எண்ணெய் தடையைக் கூட்டும், பசையையும் பிடிக்கவிடாது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு ஸ்பிரிட்.

தோலின் தடை அதிகமாக இருப்பதைவிட, இரண்டு எலெக்ட்ரோடுக்கும் கீழே அது சமமில்லாமல் இருப்பது மோசம். அறையில் உள்ள ஒவ்வொரு மின்கம்பியும் நம் உடம்பில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஏற்றுகிறது. அது இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கும் சமமாக வந்தால் ஆம்ப்ளிஃபையர் கழித்துத் தள்ளிவிடும். ஒன்றின் கீழே எண்ணெய், இன்னொன்றின் கீழே சுத்தமான தோல் என்றால், இரைச்சல் சமமில்லாமல் வந்து சேர்கிறது; அந்த வித்தியாசத்தையும் தசை என்று நினைத்து ஆம்ப்ளிஃபையர் பெருக்கிக் காட்டும். இதை நான் ஒரு மே மாத மத்தியானம் கண்ணால் பார்த்தேன். திரையில் தடித்த பட்டையாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, தசை நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. ஃபேனும் டியூப்லைட்டும் நின்றன. லேப்டாப்பும் கருவியும் பேட்டரியில் ஓடின. திரையில் இருந்த பட்டை சட்டென்று மெலிந்து, அதற்குள்ளிருந்து நிஜமான தசைத் துடிப்பு, சின்னச் சின்னதாக, விட்டு விட்டு வெளியே வந்தது. அந்த இருட்டில் நான் பார்த்ததுதான் என் முதல் சுத்தமான பதிவு.

50 ஹெர்ட்ஸை மட்டும் வடிகட்டி எறிந்துவிடலாமே என்று கேட்பார்கள். எறியலாம். ஆனால் தசையின் சத்தும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரை வடிக்கும்போது சோறும் போய்விடும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டுவது வேறு விஷயம். வயர் ஆடுவதும் எலெக்ட்ரோடு தோலில் இழுபடுவதும் பெரும்பாலும் அங்கேதான் விழும், அதை எல்லோரும் செய்கிறோம். மற்றபடி, தோலில் சரிசெய்யவேண்டியதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை.

வியர்வையும் இதே மாதிரிதான். கோடையில் இரண்டு ஸ்டிக்கர்களுக்கு இடையில் வியர்வை வழிந்து பாலம் போட்டுவிடும். உப்புநீர் நன்றாக மின்சாரம் கடத்தும். இரண்டு எலெக்ட்ரோடுகளும் ஒன்றாகிவிட்டதுபோல் எண் சுருங்கிவிடும். கடைசிச் செட் பயிற்சியில் நோயாளி களைத்துவிட்டார் என்று எழுதுவதற்கு முன், ஸ்டிக்கரின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

எலெக்ட்ரோடின் உலோகம் பற்றிக் கொஞ்சம். உடம்பில் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள், வயரில் எலெக்ட்ரான்கள். கைமாற்றம் நடப்பது அந்த எல்லையில். வெள்ளியின்மேல் வெள்ளிக் குளோரைடு பூசினால் அந்தக் கைமாற்றம் இரு பக்கமும் தடையில்லாமல் நடக்கிறது, எல்லையில் எழும் மின்னழுத்தம் நிலையாக இருக்கிறது. வெறும் ஸ்டீலில் அது நிலையாக இருப்பதில்லை. கை ஆடினால் அதுவும் ஆடும். ஜெல் காய்ந்துபோன பழைய பாக்கெட்டும், ஒரு பக்கம் ஒரு வகை, மறுபக்கம் இன்னொரு வகை என்று கலந்து ஒட்டுவதும் இதே தொல்லையைத் தரும்.

கொழுப்பு மட்டும் நம் கையில் இல்லை. தோலுக்கும் தசைக்கும் நடுவில் அது எவ்வளவு தடிமனோ, அவ்வளவுக்கு அலை மங்கி, வேகமான அதிர்வுகள் முதலில் தேய்ந்து, மேலே வருகிறது. ஒல்லியான ஒருவருடைய 200 மைக்ரோவோல்ட்டையும் பருமனான ஒருவருடைய 80ஐயும் வைத்து யார் தசை வலுவானது என்று பேசவே முடியாது. ஆய்வுகளில் அவரவர் முழு பலத்தோடு இழுத்தபோது வந்த எண்ணில் இது எத்தனை சதவீதம் என்று மாற்றி ஒப்பிடுவார்கள். பக்கவாதம் வந்த கையில் முழு பலம் என்பதே நாளுக்கு நாள் மாறுகிறது. அதனால் எங்களுக்கு இருக்கும் ஒரே நம்பிக்கையான ஒப்பீடு, அதே ஆள், அதே இடம், அதே கோணம், அதே மாதிரித் துடைத்த தோல்.

அந்த அம்மாவிடம் நான் வெள்ளிக்கிழமையே சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு நண்பர் பிறகு சொன்னார், அவருடைய உற்சாகத்தை ஏன் கெடுக்கவேண்டும் என்று. எனக்கு ஒப்பவில்லை. அடுத்த வாரம் நான் மறுபடி நடுவில் ஒட்டியிருந்தால் எண் பாதியாகும். கணவர் கை கெட்டுப்போனதாக நினைத்து அந்த அம்மா அழுதிருப்பார். இரண்டு ஜோடியையும் ஒட்டி வைத்துக்கொண்டு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். "நேத்து ஏறுனது கை இல்லம்மா, நாங்க ஒட்டுன எடம். தப்பு எங்க மேல." அவர் நிறைய நேரம் திரையையே பார்த்தார். "அப்போ கை அப்படியேதான் இருக்கா?" என்றார். "திங்கட்கிழமை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்மா. குறையல" என்றேன். மகளுக்கு மறுபடி போன் செய்யவேண்டும் என்று எழுந்து போனார்.

அன்று ஒரு ஓஎச்பி ஷீட்டை, அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை, ஐயா கைமேல் விரித்தேன். மேல்கையில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு வட்டமாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு மச்சம். இரண்டையும் மார்க்கரால் ஷீட்டில் வரைந்து, எலெக்ட்ரோடுகளின் இடத்தை வட்டம் போட்டு, இழைகளின் திசைக்கு ஒரு கோடு இழுத்தேன். முழங்கை எத்தனை டிகிரி, நாற்காலி எந்த நாற்காலி என்று ஓரத்தில் எழுதினேன். ஐந்து முறை அழுத்தச் சொல்லி எல்லா எண்ணையும் குறித்தேன். ஒரே இடத்திலேயே அவை 64க்கும் 77க்கும் நடுவில் ஆடின. ஷீட்டை ஃபைலில் வைக்கப் போனேன். "என்கிட்ட குடுங்க தம்பி, நான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று அந்த அம்மா வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் அதைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்தார். நான் வேறு ஆளோடு இருந்தால், யார் ஒட்டுகிறார்களோ அவர்களிடம் அவரே விரித்துக் கொடுப்பார். முதல் மூன்று வாரம் எண் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாவது வியாழன், ஐந்து முயற்சியில் மிகக் குறைந்தது 95 வந்தது. நான் திரையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு வரவில்லை. குனிந்து கணவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே எடத்துலதானே ஒட்டியிருக்கீங்க தம்பி?"

ஷீட்டை எடுத்து மறுபடி அவர் கைமேல் வைத்துக் காட்டினேன். தழும்பின்மேல் தழும்பு, மச்சத்தின்மேல் மச்சம், வட்டத்துக்குள் எலெக்ட்ரோடு. அப்புறம்தான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.